சவேரியாரின் சினம்

நம் வீடுகள் பலவற்றில் திரு இருதயப் படத்துக்கு அருகே புனித பிரான்சிஸ்கு சவேரியாரின் படமும் தொங்கும். கையில் பாடுபட்ட சுரூபம், மேல்நோக்கிய விழிகள், சாந்தம் குடிகொண்ட முகம். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியிருக்க மாட்டார் என்ற எண்ணம் எப்படியோ படிந்துவிட்டது. ஆனால் அவருடைய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அந்த எண்ணம் நிலைக்காது. சவேரியார் கோபக்காரர். சிறு வயதிலும் கோபக்காரர், குருவானபின்பும் கோபக்காரர், இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன் எழுதிய கடைசிக் கடிதத்திலும் ஒரு மனிதர்மீது கொண்ட சினம் அடங்கியிருக்கவில்லை. அந்தச் சினத்தோடு அவர் வாழ்நாள் முழுவதும் எவ்வாறு போராடினார் என்பதை, அன்பான வாசகர்களே, இவ்வாரம் சிந்திப்போம்.

இதனைச் சிந்திக்க நமக்குக் காரணம் உண்டு. அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழூர்கள். அவற்றினூடே ஒரு சிறு தொகையினராய் நாம். ஆலய மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே காற்றில் வருகின்றன. மீனும் அரிசியும் புடவையும் ஒரே சந்தையில் வாங்குகிறோம். தாய்வழிக் குடிமுறைகூட இக்கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. இவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் கோபமும் நெருக்கமாகவே வரும். 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலும் வீரமுனையிலும் நடந்தவற்றை இரு சாராரும் இன்னும் மறக்கவில்லை. பிரதேச செயலகம் பற்றிய பிணக்கு எத்தனை வீட்டுத் திண்ணைகளில் குரல்களை உயர்த்தியது என்பதை நாம் அறிவோம்.

பின்னர் 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம். ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் வெடித்த குண்டுகளில் ஆறு குழந்தைகள் உட்பட 15 பேர் மாண்டனர். அந்த வீட்டைப் பற்றிப் பாதுகாப்புத் தரப்புக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே என்பதும் வெளிவந்தது. ஆயினும் கோபம் செய்திகளைக் கேட்டு நடப்பதில்லை. அடுத்த ஞாயிறு ஆலயங்கள் மூடியிருந்தன. கர்தினாலின் திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். அந்நாட்களில் ஒரு தாய் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். தம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கொப்பியும் புத்தகமும் கடனாகவே தந்துதவிய கடைக்காரரை அவர் காக்கா என்றே அழைப்பவர். அன்று அவர் முகத்தைப் பாராமல் காசை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாராம். யார்மீது கோபம் என்று கேட்டேன். அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாததை எண்ணியே அழுதார்.

சவேரியாரின் வாழ்விலும் இதற்கு ஒப்பான ஒரு கட்டம் உண்டு. அதற்கு வருமுன் அவருடைய பிறப்பிடத்தைச் சிறிது பார்க்க வேண்டும்.

நவார் என்னும் சிற்றரசில், சவேரியார் கோட்டையில் 1506 ஏப்ரல் 7ஆம் நாள் பிறந்தார். குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. 1512இல் அண்டை நாடான கஸ்தீல் நவாரைக் கைப்பற்றியது. 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, வென்றவர்களின் கட்டளைப்படி அக்கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. தாம் பிறந்த வீட்டை வேற்றார் இடிப்பதைப் பார்த்து நின்ற சிறுவனுக்கு அப்போது பத்து வயது. 1521இல் அவருடைய மூத்த சகோதரர்கள் கஸ்தீலுக்கு எதிராகப் போருக்குப் போனார்கள். பம்ப்லோனாக் கோட்டைக்குள் நின்று கஸ்தீலுக்காகப் போரிட்டுப் பீரங்கிக் குண்டால் கால் முறிந்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் பிற்காலத்தில் புனிதரான இஞ்ஞாசியார். சவேரியாரின் வீட்டாருக்கு எதிரணியில் நின்றவர் பின்பு அவருக்கு ஞானத்தந்தையானார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1525இல் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்த சவேரியார் அழகர், ஓட்டத்திலும் தாண்டலிலும் தேர்ந்தவர், குலப்பெருமை மிக்கவர். 1529இல் இஞ்ஞாசியார் அதே அறைக்கு வந்து சேர்ந்தார். அறைத்தோழரான பீற்றர் ஃபேபர் எளிதில் அவர்வழி வந்துவிட்டார். சவேரியாரோ பல காலம் எதிர்த்தார், ஏளனம் செய்தார். இஞ்ஞாசியார் எதிர்த்து வாதாடவில்லை. அவருக்கு மாணவர்களைத் தேடிக் கொடுத்தார், கைச்செலவுக்கு உதவினார், காத்திருந்தார். கோபக்காரரை வெல்லும் வழி வாதம் அன்று என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். 1534 ஆகஸ்ட் 15இல் மொன்மார்த்தர் குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது சவேரியாரும் அவர்களில் ஒருவர்.

அதையடுத்து அவர் முப்பது நாள் ஆன்மீகப் பயிற்சி செய்தார். இஞ்ஞாசியார் தந்த அப்பயிற்சியில் ஒரு பகுதி நமக்கு இன்றும் பயன்படத்தக்கது. எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒருவர் தம்மிடமுள்ள குற்றங்கள் அனைத்தோடும் ஒரே நாளில் போராட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். கோபமென்றே வைத்துக்கொள்வோம். காலையில் எழுந்ததும் அதனை நினைவிற்கொள்ள வேண்டும். பகலில் அதில் விழுந்த ஒவ்வொரு வேளையும் கையை மார்பின்மேல் வைக்க வேண்டும். கூட்டத்தின் நடுவிலும் பிறர் அறியாமல் இதனைச் செய்யலாம். மதிய உணவுக்குப் பின் ஒருமுறையும் இரவு உணவுக்குப் பின் ஒருமுறையும், கழிந்த நேரத்தை மணி மணியாக நினைத்துப் பார்த்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை ஏட்டில் வரைந்த கோட்டின்மேல் இட வேண்டும். ஒரு நாளுக்கு இரு கோடுகள். காலைக் கோட்டை மாலைக் கோட்டோடும், நேற்றை இன்றோடும், சென்ற வாரத்தை இவ்வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். எப்போது, யாரிடம், எதன்பொருட்டுச் சினந்தோம் என்பது புள்ளிகளுக்குப் பின்னால் தானே தெரியத் தொடங்கும். வள்ளுவர் வெகுளாமை என்று தனி அதிகாரம் வகுத்த நம் மொழியில் கோபத்தைக் கண்டிக்கும் நூல்களுக்குக் குறைவில்லை. அதை எண்ணிப் பார்க்கச் சொன்னவர்கள் குறைவு.

பயிற்சியை முடித்ததும் சவேரியார் சாந்தமூர்த்தியாகிவிட்டாரா? இல்லை. 1535 மார்ச் மாதம், வார்த்தைப்பாடு கொடுத்து ஏழு மாதங்களுக்குப் பின், தம் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். பாரிஸில் தம்மைப் பற்றி யாரோ வீட்டாரிடம் அவதூறு சொல்லியிருந்தார்கள். அவர்கள் யாரென்று தெரிந்தால் தகுந்த கைம்மாறு செய்யத் துடிப்பதாகவும், அது தள்ளிப்போயிருக்கிறதே தவிர இல்லாமற் போய்விடவில்லை என்றும் அக்கடிதத்தில் எழுதினார். தம் பெயருக்குப் பங்கம் வந்ததும் பழைய கோட்டை மகன் எழுந்துவிட்டான். இதை மறைக்காமல் காத்து வைத்த இயேசு சபையாருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். மனந்திரும்புதல் ஒரே நாளில் முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

1542 மே மாதம் கோவாவில் இறங்கிய அவர் அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே கத்தோலிக்க சமயம் வேரூன்றியதே ஒரு கோபத்தின் வழியாகத்தான். 1530களில் தூத்துக்குடியில் ஒரு முஸ்லிமுக்கும் ஒரு பரதவருக்கும் மூண்ட சண்டையில் பரதவரின் காது காதணியோடு பிய்க்கப்பட்டது என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. ஒரு காதுக்காகத் தொடங்கிய பழி இரு பக்கத்திலும் பல உயிர்களைக் குடித்தது. ஒடுங்கிப்போன பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கேயரின் துணையை வேண்டினார்கள்; 1535 தொடங்கி இரண்டொரு ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். இறைவன் வளைந்த கோடுகளாலும் நேராக எழுதுகிறார் என்பார்கள். எழுதுகிறார்தான். அதற்காக வளைத்தவர்களைப் புகழ வேண்டியதில்லை. அந்தக் காதை மறந்துவிடவும் வேண்டியதில்லை. முஸ்லிம் அயலவரோடு வாழும் நாம் இந்த வரலாற்றை ஒரு பக்கத்துக் கதையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது.

அக்கரையில் சவேரியார் சிறுவர்களைக் கூட்டி மணியடித்துச் செபம் கற்பித்ததை நாம் அறிவோம். சாராயம் குடிக்கும் பெண்களைப் பிடித்துத் தண்டம் விதித்து மூன்று நாள் சிறையில் வைக்கக் கட்டளையிட்டதும் அவர்தாம். இச்செயலை என்னால் போற்ற முடியவில்லை. பொறுமை தீர்ந்த ஒரு போதகரின் செயல் அது.

ஆனால் அவருடைய சினம் மிகுதியும் பாய்ந்தது ஏழைகள்மீது அன்று. தம்மோடு கப்பலில் வந்த ஐரோப்பியர்மீதுதான். 1544இல் அவர் தம் துணைவர் மன்சிலாஸ் என்பவருக்கு அடுத்தடுத்து எழுதிய கடிதங்கள் கிடைத்துள்ளன. மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் என ஊர் ஊராய் நடந்துகொண்டே எழுதியவை. ஒரு கடிதத்தில், மக்கள் எவ்வளவு தொல்லை தந்தாலும் பொறுத்துக்கொள்ளும்படி மன்சிலாஸுக்குப் புத்தி சொல்கிறார். இறைவன் நம்மைப் பொறுத்துக்கொள்வதை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். இன்னொன்றில், போர்த்துக்கேயர் செய்யும் கொள்ளையையும் ஆட்கடத்தலையும் கண்டு மனம் கசந்து, இக்கரையை விட்டு அபிசீனியாவுக்கே போய்விடலாமா என்று புலம்புகிறார். புத்தி சொன்னவரும் புலம்பியவரும் ஒருவரே. பொறுமையைப் போதித்த வாய் உலருமுன் பொறுமையிழப்பது நமக்கும் புதிதன்று.

தூத்துக்குடியில் போர்த்துக்கேயக் கப்பித்தானாக இருந்தவர் கோஸ்மே த பைவா. பேராசைக்காரர். பரதவரைச் சுரண்டினார்; அவர்களைத் தாக்கிய எதிரிகளுக்கே குதிரை விற்றார். சவேரியார் அவர்மீது கொண்ட சினம் நியாயமானது. கப்பித்தானும் சவேரியாரின் பெயரைக் கேட்கவும் விரும்பவில்லை. அதே 1544 ஜூன் மாதம் வடுகப் படையினர் குமரிமுனைப் பக்கத்துக் கிறிஸ்தவர்களைத் தாக்கினர். மக்கள் கடற்பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்தனர். சவேரியார் 20 தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். எட்டு நாள் போராடியும் எதிர்க்காற்று விடவில்லை. பின்னர் தரைவழியே நடந்து போனார்.

செப்டெம்பர் மாதம் தாக்குதல் தூத்துக்குடியை எட்டியது. கப்பித்தானின் வீடும் மரக்கலமும் தீக்கிரையாயின. அவர் அருகிலிருந்த தீவுகளுக்கு ஓடி ஒளிந்தார். செய்தி கேட்ட அன்றே சவேரியார் மன்சிலாஸுக்கு ஓலை அனுப்பினார்: தோணிகளில் தண்ணீரும் உணவும் ஏற்றி உடனே கப்பித்தானுக்குக் கொண்டுபோக வேண்டும்; பட்டங்கட்டிகளும் துணை செய்ய வேண்டும். தாம் ஏன் போகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கப்பித்தான் தம்மை நண்பராகக் கருதவில்லை, தாம் போனால் அவருக்கு மனம் ஒப்பாது என்றார்.

இந்த இடத்தில் நான் பல முறை நின்றிருக்கிறேன். அவர் கோபத்தை விட்டுவிட்டதாகச் சொல்லவில்லை. கப்பித்தான் நல்லவராகிவிட்டார் என்று நடிக்கவும் இல்லை. கட்டித் தழுவுவதற்கு ஓடவும் இல்லை. சேர்ந்து நிற்க முடியாத மனிதருக்குத் தூரத்தில் நின்றபடியே தண்ணீர் அனுப்பினார். உறவினரோடு பேச்சற்றுப் போன குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! நேரில் போக முடியாதவர்கள் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பக்கூடிய தண்ணீர் ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

இனி அந்தக் கட்டத்துக்கு வருவோம். அவ்வாண்டில் மன்னார்த் தீவு மக்கள் சவேரியாரைத் தங்களிடம் வரும்படி அழைத்தார்கள். அவரால் முத்துக்குளித்துறையை விட்டு நகர முடியவில்லை. தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். அவரிடம் பலர் திருமுழுக்குப் பெற்றார்கள். யாழ்ப்பாண மன்னன் சங்கிலிக்கு இது தன் ஆட்சிக்கு எதிரான செயலாகத் தோன்றியது. 1544ஆம் ஆண்டு முடிவதற்குள் அவனுடைய ஆட்கள் மன்னாருக்கு வந்து, மறுதலிக்க மறுத்த புதுக்கிறிஸ்தவர்களை வெட்டிக் கொன்றார்கள். அறுநூறு பேருக்கு மேல் என்பது மரபு. தோட்டவெளியில் வேதசாட்சிகளின் இராக்கினியை வணங்கச் செல்லும் நம் மக்களுக்கு இந்த இரத்தத்தின் கதை புதிதன்று.

சவேரியாருக்கு அது எப்படி இருந்திருக்கும்! தம்மை அழைத்தவர்கள், தாம் போகாமல் விட்டவர்கள், தாம் அனுப்பியவரின் கையால் திருமுழுக்குப் பெற்றவர்கள். பெரும் சினத்தின் அடியில் பெரும்பாலும் வேறொன்று கிடக்கும்: துயரம், அல்லது நான் அங்கிருந்திருந்தால் என்னும் குத்தல். சவேரியார் அப்படி எழுதிவைக்கவில்லை, நானாகவே ஊகிக்கிறேன். அவர் செய்தது என்னவென்றால், கொச்சிக்கு விரைந்தார். மன்னனைத் தண்டித்து அரியணையிலிருந்து இறக்கவேண்டும் என்று போர்த்துக்கேய ஆளுநர் மார்த்தீன் அல்போன்சோ த சூசாவிடம் முறையிட்டார். படகுகளில் பசித்தவர்களுக்கு உணவு கொண்டு போனவர், இப்போது போர்க்கப்பல்களைக் கேட்டார்.

ஆளுநர் உடனே இசைந்தார். அவர் கொண்ட ஆத்திரம் எவ்வளவு பெரிதென்றால், அதைத் தணிக்கவேண்டிய நிலை தமக்கே ஏற்பட்டதாகச் சவேரியார் 1545 ஜனவரியில் எழுதினார். தம் சினத்தைத் தம் முகத்தில் யாரும் காண்பதில்லை. அடுத்தவர் முகத்தில் கண்டால்தான் அதன் நிறம் தெரிகிறது. நம் வீட்டில் நாம் சொல்லும் கடுஞ்சொல்லை மறுநாள் நம் பிள்ளை அயல்வீட்டுப் பிள்ளையிடம் சொல்லும்போது நாம் திடுக்கிடுவதும் இதனால்தான்.

படை நாகபட்டினத்தில் கூடவிருந்தது. 1545 உயிர்ப்பு விழாக் காலத்தில் சவேரியார் அங்கே வந்து காத்திருந்தார். அந்த நாகபட்டினத்துக்கு அடுத்த ஊர்தான் நாகூர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றி நினைவுகூரப்படும் சாகுல் ஹமீது ஆண்டகை அடங்கிய இடம் அது. அவரும் அதே நூற்றாண்டைச் சேர்ந்தவரே. நம் கரையின் இரண்டு பக்திகளுக்கும் வேர் அந்த ஒரு கடற்கரையில் இருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கும்.

படையெடுப்பு நடக்கவில்லை. பெகுவிலிருந்து வந்த ஒரு போர்த்துக்கேயக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிவிட்டது. போர்த்துக்கல் அரசருக்குரிய சரக்கு அதில் இருந்தது. சங்கிலி அதைக் கைப்பற்றிக்கொண்டான். சரக்கை மீட்கும்வரை அவனைப் பகைக்க வேண்டாமென்று படையைக் கைவிட்டார்கள். அறுநூறு உயிர்களுக்காகப் புறப்பட்ட நீதி ஒரு கப்பல் சரக்குக்காக நின்றுபோயிற்று. இதைவிடச் சினமூட்டும் முடிவு வேறென்ன இருக்க முடியும்?

1545 ஏப்ரல் 7ஆம் நாள் நாகபட்டினத்திலிருந்து மன்சிலாஸுக்குச் சவேரியார் எழுதினார். படை போகாத காரணத்தைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறார். சபிக்கவில்லை, புலம்பவில்லை. அதே கடிதத்தில்தான் கோஸ்மே த பைவாவின் பெயர் மீண்டும் வருகிறது. கப்பித்தான் செய்த கொள்ளைகளையும், அவருடைய பேராசையால் தூத்துக்குடியில் நேர்ந்த சாவுகளையும் சவேரியார் மழுப்பாமல் எழுதுகிறார். எழுதிவிட்டு, அந்த மனிதர் தம் மனச்சாட்சியின் பாரத்தை இறக்கிவைக்க உதவும்படி மன்சிலாஸைக் கேட்டுக்கொள்கிறார். கொள்ளையைக் கொள்ளை என்றே அழைத்தார். கொள்ளையரின் ஆன்மாவையும் கைவிடவில்லை.

எதிர்க்காற்றால் அவரால் தெற்கே திரும்ப முடியவில்லை. வடக்கே மயிலாப்பூருக்குப் போனார். புனித தோமையாரின் கல்லறையருகே ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கினார். இரவுகளில் தனியே எழுந்து போய்ச் செபித்தார். அவ்வளவு அவசரக்காரர் வாழ்வில் அவ்வளவு நீண்ட ஓய்வு அரிது. என்ன செபித்தார் என்பதை அறிய நமக்கு வழியில்லை. எழுந்தபோது அவர் முகம் யாழ்ப்பாணத்தை நோக்கி இல்லை என்பது மட்டும் தெரியும். கிழக்கே மலாக்காவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் கப்பலேறினார். தங்களை ஏற்காத சமாரிய ஊரின்மேல் வானத்துத் தீயை வரவழைக்க விரும்பிய யாக்கோபையும் யோவானையும் ஆண்டவர் கடிந்துகொண்டு, வேறோர் ஊருக்கு நடந்ததை லூக்கா நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். சவேரியாருக்கும் அந்த வேறோர் ஊர் காட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குப் போர்த்துக்கேயப் படை பிற்பாடு வரத்தான் செய்தது, 1560இல். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே சவேரியார் இறந்துவிட்டார்.

1548 பிப்ரவரியில் அவர் மணப்பாட்டுக்குத் திரும்பி வந்து அங்குள்ள குருக்களுக்கு எழுதிக்கொடுத்த அறிவுரைகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. மக்கள் அன்பைப் பெறுவதே முதல் வேலை என்றார். தண்டிப்பதில் அவசரம் வேண்டாம், முதல்வரைக் கலந்தபிறகே எதையும் செய்ய வேண்டும் என்றார். போர்த்துக்கேயர் முன்னிலையில் நம் நாட்டுக் கிறிஸ்தவரை இழித்துப் பேசக் கூடாது, அவர்களுக்காகப் பரிந்து பேச வேண்டும் என்றார். கப்பித்தானோடு எக்காரணத்தாலும் முறித்துக்கொள்ள வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். மூன்று நாள் சிறைக் கட்டளையிட்டவரே இதையும் எழுதினார். தாம் விழுந்த இடங்களிலெல்லாம் ஒரு புள்ளி இட்டு வைத்திருந்தார் போலும்.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிதாக முடியும். ஆனால் அது உண்மையாகாது.

1552இல் சவேரியார் சீன நாட்டுக்குப் போக ஆயத்தமானார். தியோகோ பெரேரா என்ற வணிகர் தம் செல்வத்தையெல்லாம் செலவிட்டுத் தூதுக் கப்பலை ஒழுங்கு செய்தார். மலாக்காவில் கடற்தளபதியாயிருந்த தொன் அல்வாரோ த அத்தாயிதே, வாஸ்கோ த காமாவின் மகன், பொறாமையால் கப்பலின் சுக்கானைப் பறித்துவைத்துக்கொண்டார். சவேரியார் நயந்து கேட்டார்; ஆள்விட்டுக் கேட்டார்; பத்தாண்டுகளாக யாரிடமும் காட்டாதிருந்த பாப்பரசரின் தூதுவர் பத்திரத்தையும் வெளியே எடுத்துக் காட்டினார். பயனில்லை. கடைசியில் தூதராகாமல், தனியொரு பயணியாய் அக்கப்பலில் ஏற வேண்டியதாயிற்று. புறப்படும்போது தம் காலணிகளின் தூசியை மலாக்காக் கரையில் உதறிவிட்டு ஏறினார் என்று உடனிருந்தோர் சொல்லிவைத்தனர்.

பெரேரா நட்டமடைந்தார், சீனப் பணி முடங்கியது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் இது ஏழைகளுக்கான சினமா, தம் திட்டம் குலைந்ததற்கான சினமா? இரண்டும் ஒரே உடையில்தான் வருகின்றன. பங்குச் சபைகளில், பாடசாலைக் கூட்டங்களில், சங்கங்களில் நாம் நீதிக்காகக் கொதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும்போது இந்த வேறுபாட்டை அறிவது மிகக் கடினம். புனிதருக்கே கடினமாக இருந்தது என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியன் தீவில், தம்மை இரகசியமாய் ஏற்றிச் செல்வதாக வாக்களித்த சீன வணிகனின் படகுக்காக அவர் காத்திருந்தார். படகு வரவில்லை. வணிகக் கப்பல்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. குளிரும் பசியும் வாட்டின. 1552 நவம்பர் 13ஆம் நாள் எழுதியதே அவருடைய கடைசிக் கடிதம். தொன் அல்வாரோ திருச்சபை விலக்குக்கு உள்ளானவர் என்பதைப் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். இனி வருவோரின் வழியை அவர் மறிக்கக் கூடாது என்ற காரணத்தையும் சொன்னார். கோபம் அடங்கவில்லை, காரணமும் பொய்யில்லை.

சில நாட்களில் காய்ச்சல் கண்டது. ஓலைக் குடிசையொன்றில் கிடந்தார். அந்தோனி என்ற சீனக் கிறிஸ்தவ இளைஞர் ஒருவரே இறுதிவரை அருகிலிருந்து அவர் முணுமுணுத்தவற்றைக் கேட்டவர். நோயாளி பல மொழிகளில் பேசினார். சிலவற்றை அந்தோனியால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. விளங்கியவற்றில் மலாக்கா இல்லை, தொன் அல்வாரோ இல்லை, சங்கிலி இல்லை. தாவீதின் மகனை அழைத்து, தம் பாவங்களுக்காக இரங்கும்படி திரும்பத் திரும்பக் கேட்டார் என்றே அந்தோனி பின்னர் எழுதினார். டிசம்பர் 3ஆம் நாள் விடியுமுன் அக்குரல் ஓய்ந்தது. அவருக்கு வயது 46.